வூவ்ரே வைனும் காஞ்சிப் பட்டும்: ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு முறை நடந்தவர்களுக்குத் தெரியும். கடைக்குக் கடை "அசல் காஞ்சிபுரம் பட்டு" என்று போர்டு தொங்கும். சென்னை தி.நகரிலும் அதே போர்டைப் பார்க்கலாம். கடல் கடந்து சிங்கப்பூர் போனாலும் பார்க்கலாம். ஒரு ஊரின் பெயரை யார் வேண்டுமானாலும் ஒரு துணியின் மேல் ஒட்டி விற்கலாமா? கூடாது என்கிறது சட்டம். 2005-ம் ஆண்டு காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பொது அறிவுப் புத்தகம் புரட்டுகிறவர்களுக்கு இது பழகிய செய்தி.

ஆனால் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். அதன் வேரைத் தேடிப் போனால் நெசவுத் தெருவுக்குப் பதில் பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டத்தில் போய் நிற்போம். "அசல்" என்பதற்கு சட்டத்தில் ஒரு பொருள் வேண்டும் என்று முதலில் தெருவில் இறங்கிப் போராடியவர்கள் அங்கிருந்த விவசாயிகள். வைன் பற்றிய கட்டுரையா என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். இது குடிப்பதைப் பற்றியது அல்ல. ஓர் ஊரின் குணம் ஒரு பொருளில் எப்படி ஏறுகிறது, அந்த ஊர்ப் பெயரை எப்படித் திருடுகிறார்கள், எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதைப் பற்றியது.

வூவ்ரே என்ற ஊர்

பிரான்சில் லுவார் என்ற பெரிய நதி ஓடுகிறது. அதன் வட கரையில், தூர் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது வூவ்ரே. சிறிய ஊர்தான். ஆனால் அந்தப் பெயரில் வரும் வெள்ளை வைன் உலகம் முழுவதும் தெரிந்தது. வூவ்ரேயையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து சுமார் 2000 ஹெக்டேர் பரப்பில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பயிராவது பெரும்பாலும் ஒரே ஒரு வகைத் திராட்சை. அதன் பெயர் செனின் பிளாங்க்.

இந்த வைனில் பல ரகங்கள் உண்டு. திராட்சையின் சர்க்கரை முழுவதும் நொதித்துப் போய்விட்டால் இனிப்பே இருக்காது. அதை பிரெஞ்சில் "செக்" என்பார்கள். உலர்ந்தது என்று பொருள். கொஞ்சம் சர்க்கரை மிச்சமிருந்தால் அது "தெமி செக்", அதாவது பாதி உலர்ந்தது. இன்னும் இனிப்பு கூடினால் "முவெல்யே". எந்த ஆண்டு எதைச் செய்வது என்பதைப் பெரும்பாலும் வானிலைதான் தீர்மானிக்கும். வெயில் குறைந்த ஆண்டில் செக். நல்ல வெயிலும் நீண்ட இலையுதிர் காலமும் கிடைத்தால் தெமி செக், முவெல்யே. நல்ல பழத்துக்காகக் காத்திருந்து, ஒரே தோட்டத்தில் பல தடவை போய்ப் பறிப்பார்கள். அறுவடை அக்டோபர் முழுக்க நடந்து சில ஆண்டுகளில் நவம்பரையும் தொடும்.

இதில் தெமி செக்தான் வேடிக்கையானது. லேசான இனிப்பு இருக்கும். கூடவே எலுமிச்சை போல் ஒரு புளிப்பும் இருக்கும். செனின் பிளாங்க் புளிப்பு அதிகமுள்ள திராட்சை. அந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்துதான் வைனைக் கெடாமல் காக்கின்றன. வெள்ளை வைன்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் சுவை இழந்துவிடும். நல்ல ஆண்டில் செய்த வூவ்ரே தெமி செக் 20, 30 ஆண்டுகள் தாங்கும். அதைவிட அதிகமாகவும் தாங்கியது உண்டு. 1947-ம் ஆண்டு வூவ்ரே வைன்களை அரை நூற்றாண்டு கழித்துத் திறந்து பார்த்தும் வைன் அறிந்தவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். வயது ஏற ஏற வெளிர் நிறம் மாறிப் பொன் நிறமாகும். புதுப் பழத்தின் வாசம் போய் தேன், தேன் மெழுகு, சீமை மாதுளை, நனைந்த கம்பளி என்று சொல்லும்படியான வாசங்கள் வரும். இனிப்பும் நாக்குக்குக் குறைந்தது போலத் தெரியும். நம்மூரில் பழைய புளி, பழைய நெல் என்று தேடி வாங்குவதில்லையா? அது போலத்தான்.

இந்தக் குணத்துக்கு மண்ணும் ஒரு காரணம் என்பது அந்த ஊர்க்காரர்களின் உறுதி. வூவ்ரே நிற்பது துஃபோ என்ற மென்மையான சுண்ணாம்புப் பாறையின் மேல். லுவார் கரையில் இருக்கும் பெரிய மாளிகைகளுக்கு இந்த வகைப் பாறையைத்தான் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடமெல்லாம் குகைகள். அந்தக் குகைகளில் ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சி இருக்கும். வைனைப் பல ஆண்டுகள் வைத்துப் பழுக்க வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பாறையின் மேல் சில இடங்களில் களிமண், சில இடங்களில் சக்கிமுக்கிக் கல் கலந்த மண். ஒரே ஊரில், ஒரே குடும்பம், ஒரே திராட்சையில் செய்தாலும் தோட்டத்துக்குத் தோட்டம் சுவை மாறும். உவே என்ற புகழ்பெற்ற நிறுவனம் தன் மூன்று தோட்டங்களின் வைனையும் கலக்காமல் தனித்தனிப் பெயரிலேயே விற்கிறது. மண், வெயில், காற்று, மனிதர் பழக்கம் எல்லாம் சேர்ந்த இந்த ஊர்க் குணத்தை பிரெஞ்சுக்காரர்கள் "தெர்வா" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

திராட்சை மட்டும் போதும், ஊர் வேண்டாம் என்று நினைத்தால் ஓர் உதாரணம் பார்க்கலாம். இன்று உலகில் செனின் பிளாங்க் அதிகமாக விளைவது தென்னாப்பிரிக்காவில். இந்தியாவிலும் விளைகிறது. மகாராஷ்டிராவின் நாசிக்கில் 2000-ம் ஆண்டிலிருந்து இந்தத் திராட்சையில் வைன் செய்கிறார்கள். அங்கே அறுவடை கோடைக்கு முன்பே முடிந்துவிடும். வெயில் அதிகம். வைனும் வாங்கிய கையோடு குடிப்பதற்கானது. திராட்சை ஒன்றுதான். நாசிக் வைனை வூவ்ரே என்று யாரும் மயங்க மாட்டார்கள்.

இரண்டாயிரம் ஆண்டு பழைய போலி

ஊர்ப் பெயருக்கு மதிப்பு வந்தால் கூடவே போலியும் வரும். இதற்குச் சாட்சி தமிழ்நாட்டுப் பக்கமே இருக்கிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஆம்போரா என்ற ஜாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே கிடைத்தன. சங்க இலக்கியம் சொல்லும் யவனர் மது இப்படிப்பட்ட ஜாடிகளில்தான் வந்தது. காஞ்சிக்கும் இந்தக் கடல் வணிகத்தில் பங்குண்டு. பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரம் என்ற ஊரில் தமிழகத் தொல்லியல் துறை 1970-ல் அகழ்ந்தபோது ஆம்போரா போன்ற ஜாடித் துண்டுகள் கிடைத்தன. காஞ்சிபுரத்துக்குள் நடந்த அகழாய்வுகளிலும் அடி கூம்பிய ஜாடிகள் கிடைத்திருக்கின்றன.

அன்றைக்கு பாட்டிலும் இல்லை, லேபிளும் இல்லை. ஜாடியின் உருவமே ஊரைச் சொல்லும். கிரேக்கத்தின் கோஸ் தீவு வைனுக்குப் பெயர் போனது. அந்த ஊர் ஜாடிக்கு இரட்டைத் தண்டு போன்ற கைப்பிடி இருக்கும். கோஸ் வைனுக்குக் கிராக்கி வந்ததும் இத்தாலியிலும் அதே மாதிரி கைப்பிடி வைத்த ஜாடிகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். ரோமாபுரியின் கேட்டோ, கி.மு. 2-ம் நூற்றாண்டில் எழுதிய விவசாய நூலில், இத்தாலியிலேயே கோஸ் வைன் போல ஒன்றைச் செய்யும் முறையைக் குறித்து வைத்திருக்கிறார். அரிக்கமேட்டுத் துண்டுகளில் அசல் கோஸ் வகையும் உண்டு, அதைப் பார்த்து இத்தாலியில் செய்த வகையும் உண்டு. ஆக, அசலும் சாயலும் ஒரே கப்பல் வழியில் தமிழ்க் கரைக்கு வந்து இறங்கியிருக்கின்றன.

பல்லவர் காலத்திலும் காஞ்சியில் மதுக் கடைகள் இருந்தன. 7-ம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் என்ற வடமொழி நகைச்சுவை நாடகம் காஞ்சித் தெருவில் போதையில் திரியும் ஒரு காபாலிகனைப் பற்றியதுதான். ஆனால் இந்த ஊர் தன் பெயரை உலகத்துக்குக் கொடுத்தது மதுவால் அல்ல, துணியால்.

தெருவுக்கு வந்த விவசாயிகள்

19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒரு பேரிடி விழுந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்செரா என்ற சிறு பூச்சி கொடிகளின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. வைனுக்குத் தட்டுப்பாடு வந்தது. உடனே வியாபாரிகள் உலர்ந்த திராட்சையை ஊற வைத்தும், சர்க்கரைத் தண்ணீர் சேர்த்தும் "வைன்" செய்தார்கள். மலிவான ஊர் வைனைப் புகழ்பெற்ற ஊர்ப் பெயரில் விற்றார்கள். அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டி, தோட்டங்கள் மெல்ல மீண்டன. மீண்ட பிறகும் போலிகள் சந்தையை விட்டுப் போகவில்லை. உண்மையாக உழைத்தவனுக்கு விலை கிடைக்கவில்லை.

1905-ல் கலப்படத்துக்கு எதிராக பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் போட்டது. அது போதவில்லை. 1907-ல் தெற்கே லாங்டாக் பகுதி விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நார்பான் நகரில் ராணுவம் சுட்டது, உயிர்கள் போயின. 1911-ல் ஷாம்பெயின் பகுதியில் கலவரம். வெளியூர்த் திராட்சையை ரயிலில் கொண்டு வந்து, அதில் செய்த வைனை ஷாம்பெயின் என்று விற்கிறார்கள் என்பது விவசாயிகளின் கோபம். அவர்கள் கிடங்குகளை உடைத்து வைனை மார்ன் ஆற்றில் கொட்டினார்கள். எது ஷாம்பெயின் எல்லை என்று கோடு போட்டதிலும் தகராறு. கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் சட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 1919 சட்டம் ஊர்ப் பெயரைக் கூட்டு உரிமையாக ஏற்றது. தவறாகப் பயன்படுத்துகிறவர் மேல் வழக்குப் போடலாம் என்றது. ஆனால் எல்லைக்குள் எந்த மட்டமான திராட்சையைப் போட்டாலும் அந்தப் பெயர் கிடைத்துவிடும் என்ற ஓட்டை அதில் இருந்தது. ஊர் மட்டும் போதாது, செய்முறையும் வேண்டும் என்று விடாமல் வாதாடினார் ஜோசப் காபுஸ். விவசாயப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்து அமைச்சராகவும் ஆனவர். அவர் முயற்சியால் 1935-ல் புதிய சட்டம் வந்தது. எந்த நிலம், எந்தத் திராட்சை, ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல், எப்படிச் செய்வது என்று எல்லாவற்றுக்கும் விதி. விதிப்படி செய்தவருக்கு மட்டுமே ஊர்ப் பெயர். 1936-ல் வூவ்ரே இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

வூவ்ரேக்கு எதிரே நதியின் தென் கரையில் மோன்லூயி என்ற ஊர் இருக்கிறது. அதே செனின் பிளாங்க், ஏறக்குறைய அதே பாறை. அதுவரை மோன்லூயி வைனும் வூவ்ரே என்ற பெயரில்தான் விலை போனது. சட்டம் வந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. தென் கரைக்காரர்களுக்கு இது பெரிய அடி. நேற்று வரை விற்ற பெயர் இன்று குற்றம். 1938-ல் மோன்லூயிக்குத் தனிப் பெயர் உரிமை கிடைத்தது. ஆனால் யாருக்கும் தெரியாத அந்தப் பெயரை வாங்குகிறவர் வாயில் கொண்டு வர அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் சிலருக்கு வேலியாகவும் சிலருக்குச் சுவராகவும் ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கிண்டிக்கு வந்த சட்டம்

ஒரு நாட்டுச் சட்டம் அடுத்த நாட்டில் செல்லாது. ஸ்பெயினில் செய்த வைனை இங்கிலாந்தில் "ஸ்பானிஷ் ஷாம்பெயின்" என்று விற்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் லண்டனில் வழக்குப் போட்டு 1960-ல் வென்றார்கள். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? உலக வர்த்தக அமைப்பு உருவானபோது இதையும் அதன் விதிகளில் சேர்க்க ஐரோப்பிய நாடுகள் வற்புறுத்தின. 1995 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தத்தில் புவிசார் குறியீடு இடம் பிடித்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. சொந்த நாட்டில் சட்டப் பாதுகாப்பு இல்லாத ஊர்ப் பெயருக்கு மற்ற நாடுகள் பாதுகாப்பு தர வேண்டியதில்லை. இந்தியாவில் அப்போது இதற்கென்று சட்டமே கிடையாது. 1997-ல் ரைஸ்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் பாஸ்மதி வகை அரிசிக்கு அங்கே காப்புரிமை வாங்கியபோதுதான் இங்கே விழித்துக்கொண்டார்கள். 1999-ல் நாடாளுமன்றம் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2003 செப்டம்பர் 15 முதல் அது அமலுக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் அமைந்தது. முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை. அடுத்த ஆண்டே காஞ்சிபுரம் பட்டும் பதிவானது.

பிறகு வெளிநாட்டுப் பெயர்களும் அதே அலுவலகத்துக்கு வந்து பதிந்துகொண்டன. ஷாம்பெயின், கோன்யாக், ஸ்காட்ச் விஸ்கி எல்லாம் கிண்டிப் பதிவேட்டில் இருக்கின்றன. காஞ்சிபுரத்து நெசவாளரும் ஷாம்பெயின் விவசாயியும் ஒரே பதிவேட்டில் இடம் பெற்றிருக்கிறார்கள்.

காஞ்சிக்கு "தெர்வா" உண்டா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வூவ்ரே வைனுக்குத் திராட்சை அந்த மண்ணில் விளைகிறது. காஞ்சிப் பட்டுக்கு என்ன இருக்கிறது? பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்குப் பேர் போன ஊர் குஜராத்தின் சூரத். காஞ்சிபுரத்தில் மல்பெரித் தோட்டமும் இல்லை, வெள்ளிச் சுரங்கமும் இல்லை. பாலாற்றுத் தண்ணீரில் தோய்த்தால் சாயம் மின்னும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஆறும் பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கிறது.

அப்படியானால் காஞ்சியின் குணம் எங்கே இருக்கிறது? கையில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். பார்டரைத் தனியாக நெய்து தைப்பதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கப் பார்டருக்கு ஒவ்வொன்று என்று மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு இழையிலும் உடலின் ஊடையும் பார்டரின் ஊடையும் ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொள்ளும். இதுதான் கோர்வை. ஒருவரால் முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து மறு ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். சேலை கிழிந்தாலும் பார்டர் பிரியாது என்று சொல்வது இதனால்தான். முந்தானையின் நிறம் வேறு என்றால் புதுப் பாவை ஒவ்வொரு இழையாகப் பழைய பாவோடு இணைக்க வேண்டும். நூலும் சாதாரணப் பட்டு நூல் அல்ல, பல இழைகளைச் சேர்த்து முறுக்கியது. சேலையின் கனம் அதில் வருகிறது.

இந்த வேலையை ஒரு வீடு மட்டும் செய்துவிட முடியாது. முறுக்குகிறவர், சாயம் தோய்க்கிறவர், விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிறவர், டிசைன் அட்டை அடிக்கிறவர், நெய்கிறவர் என்று ஒரு தெருவே சேர வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகள் இப்படித்தான் நெசவுக்காகவே வாழ்ந்தன. வூவ்ரேயில் துஃபோ பாறை செய்வதை காஞ்சியில் இந்தத் தெருக்கள் செய்கின்றன.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. 10-ம் நூற்றாண்டின் உத்தம சோழன் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று கச்சிப்பேடு என்று வழங்கிய காஞ்சிபுரத்தில் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த நெசவாளர்களிடம் பெருமாள் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. கோயிலுக்குத் துணி வேண்டும். நெசவாளருக்குக் கோயிலின் ஆதரவு வேண்டும். லுவார் கரையில் மடாலயத் துறவிகள் திராட்சைத் தோட்டம் வளர்த்த கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

சமமில்லாத வேலி

காஞ்சிப் பட்டும் ஷாம்பெயினும் ஒரே பதிவேட்டில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே பாதுகாப்பு என்று நினைத்தால் அது தவறு. டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 22-வது பிரிவு எல்லாப் பொருளுக்கும் பொது. அதன்படி ஊர்ப் பெயர் வாங்குகிறவரை ஏமாற்றும் விதத்தில் பயன்பட்டது என்று காட்ட வேண்டும். 23-வது பிரிவு வைனுக்கும் மற்ற மது வகைகளுக்கும் மட்டும். அங்கே ஏமாற்றியதாகக் காட்டத் தேவையே இல்லை. உண்மையான ஊரைப் பக்கத்திலேயே எழுதியிருந்தாலும், "வகை", "மாதிரி", "பாணி" என்று ஒட்டுச் சொல் சேர்த்திருந்தாலும் தவறுதான்.

விளைவு என்ன? வேறு ஊர் வைனில் "வூவ்ரே பாணி" என்று எழுதக்கூடாது. ஆனால் வெளிநாட்டில் இயந்திரத்தில் நெய்த துணியில் "காஞ்சிபுரம் பாணி, வேறு நாட்டில் செய்தது" என்று எழுதினால் அதைத் தடுப்பது கடினம். எழுதியவன் உண்மையைத்தானே எழுதியிருக்கிறான் என்ற வாதம் நிற்கும். ஐரோப்பியர்கள் தங்கள் மதுவுக்குக் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. பட்டுக்கும் பாஸ்மதிக்கும் தேயிலைக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியா உட்பட பல நாடுகள் கேட்டன. 2001-ல் தோஹா மாநாட்டில் இது பேச்சுவார்த்தைப் பட்டியலில் ஏறியது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இன்னும் சில நாடுகளும் எதிர்த்தன. இன்றுவரை முடிவில்லை. இந்தியச் சட்டத்தில் மத்திய அரசு அறிவிக்கும் பொருள்களுக்கு அந்தக் கூடுதல் பாதுகாப்பைத் தர ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

உள்நாட்டுக் கதையும் எளிதல்ல. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை போன்ற சில துணிகளை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்றது. ஆனாலும் விசைத்தறிச் சேலைகள் காஞ்சிப் பெயரில் வருகின்றன. வெள்ளி இழையில் தங்க முலாம் பூசிய ஜரிகைக்குப் பதில் செம்பு ஜரிகையும் பாலியெஸ்டர் ஜரிகையும் வந்துவிட்டன. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். கோர்வையா இல்லையா என்று திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு.

மோன்லூயி கதைக்கும் இங்கே ஜோடி உண்டு. பாலாற்றுக்குத் தெற்கே இருக்கும் ஆரணியிலும் காலங்காலமாகப் பட்டு நெய்கிறார்கள். ஆரணிச் சேலை கனம் குறைந்தது, விலையும் குறைவு. அதுவும் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் கடைகளில் விற்பதுண்டு. ஆரணிப் பட்டுக்கும் தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் "ஆரணிப் பட்டு வேண்டும்" என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? அந்தப் பெயர் வாங்குகிறவர் வாயில் வரும் வரை ஆரணி நெசவாளருக்குச் சட்டத்தால் பெரிய பலன் இராது.

சட்டம் செய்யாத வேலை

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1953-ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். அவர் கட்சித் தலைவர்கள் பலரும் அப்படியே விற்றார்கள். 1907-ல் பிரெஞ்சு விவசாயி கேட்டதும் 1953-ல் தமிழ் நெசவாளர் கேட்டதும் ஒன்றுதான். உழைப்புக்கு ஏற்ற விலை. 2008-ல் வந்த பிரியதர்ஷனின் "காஞ்சிவரம்" படமும் இதைத்தான் காட்டியது. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவன் தன் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுக்க முடியாமல் தவிக்கிற கதை.

வூவ்ரேயில் ஊர்ப் பெயரின் மதிப்பு ஏறியபோது தோட்டக்காரருக்கும் அதில் பங்கு கிடைத்தது. காரணம், தோட்டம் அவருடையது, பல சமயம் பாட்டிலும் அவருடையது. 1980-களில் அதிவேக ரயில் பாதை திராட்சைத் தோட்டங்களின் வழியே போகவிருந்தபோது ஊர் எதிர்த்தது. அப்போது மேயராக இருந்த கஸ்தோன் உவே, அதே உவே நிறுவனத்தின் குடும்பத்தவர். கடைசியில் ரயில் தோட்டங்களுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போனது. அங்கே ஊர்ப் பெயருக்கு அவ்வளவு பலம்.

காஞ்சியில் நெசவாளர் பலர் கூலிக்கு நெய்கிறவர்கள். நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், அல்லது கூட்டுறவுச் சங்கம் கொடுக்கும். சேலை எந்த விலைக்குப் போனாலும் கையில் வருவது கூலிதான். புவிசார் குறியீடு சேலையின் விலையைக் காப்பாற்றலாம். அந்த விலை தறிக்கு வந்து சேருமா என்பதை அது சொல்வதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் மாதச் சம்பளத்துக்கு அங்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோர்வைக்கு மறு ஓரத்தில் உட்கார ஆள் கிடைப்பதே இப்போது சிரமம்.

ஒரு தலைமுறை தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டாலும் வூவ்ரேயின் சுண்ணாம்புப் பாறை அங்கேயே இருக்கும். அடுத்து வருகிறவர் கொடியை மறுபடி நடலாம். காஞ்சியில் ஒரு தலைமுறை தறியை விட்டு எழுந்துவிட்டால், கற்றுக்கொடுக்க ஆள் இராது. பிறகு கிண்டிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெயருக்குரிய சேலை இருக்காது.

அடுத்த முறை வீட்டில் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது ஒன்று செய்யலாம். சேலையைத் திருப்பி, பார்டர் உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். கோர்வை தெரிகிறதா என்று கேளுங்கள். நெய்தவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.